கூடாரத்திலிருந்து அகற்றப்பட்ட கடிகாரம்

1910இல் எட்வர்ட் எஸ். கர்டிஸ் எடுத்த ஒரு புகைப்படத்துக்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். பீகன் பூர்வகுடியினரின் கூடாரம் ஒன்றின் உட்புறம். லிட்டில் ப்ளூம் என்ற பெரியவரும் அவருடைய மகன் எல்லோ கிட்னியும் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் புகைக்குழாய், இறகுகள், தோல் பொருட்கள். ஒரு வடிவத்தில் இருவருக்கும் நடுவே ஒரு அலாரம் கடிகாரம் இருக்கிறது. 1911இல் புத்தகத்தில் அச்சான வடிவத்தில் அது இல்லை. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, கடிகாரத்தை மட்டும் யாரோ சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறார்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய காட்சி. பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று பார்ப்பதை நாங்கள் டிஃப் என்போம். என் ஆபீஸ் நாளில் பாதி அதிலேயே கழிகிறது. ஒரு வரியை நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கமிட் மெசேஜில் எழுதியாக வேண்டும். எழுதாமல் நீக்கினால் ரிவ்யூவில் கேள்வி வரும். கர்டிஸ் எந்த கமிட் மெசேஜும் எழுதவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது: கடிகாரத்தை ஏன் எடுத்தார்?

இரண்டு படங்களையும் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பனிடம் காட்டினேன். வாரக்கடைசிகளில் கல்யாணப் படம் எடுப்பவன். “இதுல என்னடா இருக்கு? ஃப்ரேம்ல கண்ணை இழுக்கற பொருள் இருந்தா எடுக்கத்தான் செய்வாங்க. நான் மண்டபத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷரையே எடுத்துருக்கேன்” என்றான். நியாயமான பதில். நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம் இருந்தால் கண் அங்கேதான் போகும். ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பிழையைப் பார்த்தால் அது தற்செயல் என்று விடலாம், அதே பிழை பத்து இடத்தில் வந்தால் அது டிசைன். 1982இல் கிறிஸ்டோபர் லைமன் என்ற ஆய்வாளர் கர்டிஸின் படங்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். கடிகாரத்தோடு கதை முடியவில்லை என்று அதில் தெரிந்தது. மற்ற படங்களில் குடைகள் போயிருந்தன. கால்சட்டையைத் தாங்கும் தோள்பட்டிகள் போயிருந்தன. குதிரை வண்டிகள் போயிருந்தன. கண்ணை இழுப்பதுதான் பிரச்சினை என்றால் பெரிய இறகுக் கிரீடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். போனவை எல்லாம் ஒரே ஜாதிப் பொருட்கள். பக்கத்து ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடியவை.

கர்டிஸ் சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘வட அமெரிக்க இந்தியர்’ என்ற அவருடைய திட்டம் 20 தொகுதிகள் கொண்டது. முதல் தொகுதி 1907இல், கடைசித் தொகுதி 1930இல். நிதிச் சக்கரவர்த்தி ஜே. பி. மார்கன் பணம் கொடுத்தார். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முன்னுரை எழுதினார். 40,000க்கும் மேற்பட்ட படங்கள், மெழுகு உருளைகளில் ஆயிரக்கணக்கான பாடல், பேச்சுப் பதிவுகள். இதற்காக மனிதர் தன் குடும்பத்தையும் சொத்தையும் உடல்நலத்தையும் தொலைத்தார். சோம்பேறித்தனத்தால் கடிகாரத்தை அழித்தவர் இல்லை. எதையோ காப்பாற்றுகிறோம் என்று முழுமனதாக நம்பி அழித்தவர்.

அந்த நம்பிக்கை என்ன என்பதற்கு அவருடைய 1904ஆம் ஆண்டுப் படம் ஒன்றே போதும். நவஹோ மக்கள் சிலர் குதிரைகளில் முதுகு காட்டியபடி இருட்டை நோக்கிப் போகிறார்கள். தலைப்பு ‘மறைந்துகொண்டிருக்கும் இனம்’. முழுத் திட்டத்துக்கும் முன்னே நிற்கும் படம் இதுதான். இந்த மக்கள் சீக்கிரமே இருக்க மாட்டார்கள், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அடிப்படை. அன்றைய எண்ணிக்கையும் பயமுறுத்துவதாகவே இருந்தது. 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் பூர்வகுடியினர் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு.

ஆனால் ‘மறைந்துகொண்டிருக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சூரியன் மறைகிற மாதிரி, தானாக நடக்கிற காரியம் போல ஒலிக்கிறது. யாரும் எதுவும் செய்யவில்லை, அவர்கள் பாட்டுக்கு மறைகிறார்கள். நடந்தது அப்படியில்லை. 1883இல் வந்த விதிகள் சூரிய நடனம் போன்ற சடங்குகளைக் குற்றமாக்கின. 1887இல் வந்த டாஸ் சட்டம் பொது நிலங்களைத் தனித்தனித் துண்டாக்கி, மிஞ்சியதை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது. பிள்ளைகள் தூரத்து விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குடியுரிமை எல்லோருக்கும் கிடைத்தது 1924இல்தான். இத்தனையும் கர்டிஸ் கேமராவோடு அலைந்த வருடங்களிலும் அதற்குச் சற்று முன்னும் நடந்தவை. குதிரைகள் இருட்டுக்குள் போகும் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இங்கே இன்னொரு வகைப் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவில் 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய கார்லைல் பள்ளி, மாணவர்களை ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு முறை படம் எடுத்துப் பரப்பியது. அதில் மிகப் புகழ்பெற்றது டாம் டோர்லினோ என்ற நவஹோ இளைஞரின் ஜோடிப் படம். 1882இல் நீண்ட முடி, காதணி, கழுத்தில் மாலை. 1885இல் வெட்டிய முடி, கோட்டு, டை. பின் படத்தில் தோலின் நிறமே வெளுத்துத் தெரிகிறது. நம் ஊரில் சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ‘முன் – பின்’ வியாபாரம் புதிதில்லை.

கார்லைலுக்குக் கோட்டுப் போட்ட பூர்வகுடி வேண்டும். கர்டிஸுக்குக் கோட்டுப் போடாத பூர்வகுடி வேண்டும். பார்த்தால் நேர் எதிர். ஒன்று கலாச்சாரத்தை அழித்தது, இன்னொன்று காப்பாற்றியது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே விதி: ஒரு மனிதன் ஒன்று பழையவனாக இருக்கலாம், இல்லையென்றால் புதியவனாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. தந்தையின் புகைக்குழாயும் கடையில் வாங்கிய கடிகாரமும் ஒரே கூடாரத்தில் இருப்பதைத்தான் இரண்டு கேமராக்களாலும் தாங்க முடியவில்லை. அந்தக் கூடாரத்தில் உண்மையாக இருந்ததோ அதுதான். அலாரம் கடிகாரம் சாவி கொடுத்தால்தான் ஓடும். யாரோ ஒருவர் அதை வாங்கி, சாவி கொடுத்து, விருந்தாளி படமெடுக்க வரும்போது மறைக்கத் தோன்றாத அளவுக்குத் தன் வீட்டுப் பொருளாகவே நினைத்திருக்கிறார்.

மானுடவியலாளர் யோஹன்னஸ் ஃபேபியன் 1983இல் வெளியிட்ட ‘காலமும் மற்றவரும்’ என்ற நூலில் இதற்கு ஒரு கோட்பாடே வைத்தார். மானுடவியலாளர் ஒரு சமூகத்தோடு ஒரே நாளில், ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார். வீட்டுக்கு வந்து எழுதும்போது அவர்களை வேறு காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். கூடவே வாழ்கிறவர்களுக்குச் சமகாலத்தை மறுப்பது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: இடத்தால் தூரமாக இருப்பவர் காலத்தாலும் தூரமாக இருக்கிறார் என்று காட்டிவிட்டால், அவரோடு பேரம் பேச வேண்டியதில்லை. அவருடைய நிலத்துக்கு இன்றைய விலை கேட்க அவருக்கு உரிமை இல்லை. அவர் ஏற்கெனவே கடந்தகாலம். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து இருபது தொகுதிகளையும் வாங்கி அலமாரியில் வைத்த பணக்கார வாசகர்களுக்கு இது எவ்வளவு நிம்மதியான செய்தி!

தொழில்நுட்பமே படத்துக்குள் வரக் கூடாது என்று எப்போதும் விதி இருந்ததா என்றால், இல்லை. ஒரு நிபந்தனையோடு வரலாம். 1922இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ ஆவணப்படங்களின் முன்னோடி என்று எல்லாச் சினிமாப் பட்டியலிலும் வரும். கனடாவின் வடக்கே இனூயிட் மக்களைப் பற்றியது. நாயகனின் பெயரே நானூக் கிடையாது, அல்லகாரியல்லாக். துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார் இயக்குநர். ஒரு காட்சியில் நானூக் கிராமபோனைப் பார்த்து வியந்து, இசைத்தட்டைக் கடித்துப் பார்ப்பார். உலகமே சிரித்த காட்சி. படப்பிடிப்பின் தொழில்நுட்ப வேலைகளில் ஃப்ளாஹர்ட்டிக்கு உதவியவர்களோ இதே இனூயிட் மக்கள். கேமராவைக் கையாளத் தெரிந்த ஊரிலிருந்து ஒருவர், கிராமபோனைப் பார்த்து மிரளுவது போல நடித்துக் கொடுக்கிறார். ஆக நிபந்தனை இதுதான்: இயந்திரம் ஃப்ரேமுக்குள் வரலாம், அதைப் பார்த்து நீ வியக்க வேண்டும். நீ சாதாரணமாகப் பயன்படுத்தினால் அழித்துவிடுவோம்.

2018 ஏப்ரலில் நேஷனல் ஜியாக்ரஃபிக் தன் பழைய இதழ்களைத் தானே விசாரணைக்கு உட்படுத்தியது. அதற்காக வர்ஜீனியா பல்கலைக்கழக வரலாற்றாளர் ஜான் எட்வின் மேசனை அழைத்தார்கள். மேலைநாட்டுக் கருவிகளைக் கண்டு மயங்கும் ‘சுதேசிகள்’ என்பது பழைய இதழ்களில் திரும்பத் திரும்ப வந்த காட்சி என்று அவர் சுட்டிக்காட்டினார். நானூக்கின் கிராமபோன் பல கண்டங்களுக்குப் பயணம் போயிருக்கிறது.

அதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2016 இருக்கிறது. ‘ஆப்கன் பெண்’ படத்தால் உலகப் புகழ்பெற்ற ஸ்டீவ் மெக்கரியின் கண்காட்சி இத்தாலியில் நடந்தபோது, கியூபாவில் எடுத்த ஒரு படத்தில் கம்பம் ஒன்று பொருந்தாமல் துண்டாக நிற்பதை ஒருவர் கவனித்தார். பிறகு இணையத்தில் தோண்டத் தோண்ட, தெற்காசியாவில் எடுத்த படங்கள் சிலவற்றிலும் ஆட்களும் பொருட்களும் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மெக்கரி, தன்னைச் செய்திப் புகைப்படக்காரராக அல்லாமல் காட்சிவழிக் கதைசொல்லியாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார். கதைசொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் படங்களை உலகம் வாங்கியது கதையாக இல்லை, ‘இந்தியா இப்படித்தான் இருக்கும்’ என்ற தகவலாக.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். கர்டிஸ் ஒரு பித்தலாட்டக்காரர், படங்கள் போலி, அடுத்த வேலையைப் பார்ப்போம். சமூக வலைத்தளத்தில் இதை இரண்டு வரியில் போட்டால் லைக் குவியும். எனக்கு இந்த முடிவு ஒத்துவரவில்லை. காரணம், இந்த விமர்சனத்திலும் லிட்டில் ப்ளூம் வெறும் பொம்மையாகவே உட்கார்ந்திருக்கிறார். கர்டிஸ் அவரைக் கூடாரத்தில் வைத்தார், விமர்சகர்கள் அவரை வழக்கில் சாட்சிப் பொருளாக வைக்கிறோம். அவர் என்ன நினைத்து உட்கார்ந்தார் என்று இரண்டு பக்கமும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கிற பதில்கள் நேர்க்கோட்டில் இல்லை. 1914இல் கர்டிஸ் கனடாவின் பசிபிக் கரையில் க்வாக்வாகவாக்வ் மக்களை வைத்து ஒரு முழுநீளத் திரைப்படம் எடுத்தார். கதை மிகைப்படுத்தப்பட்டது. ஆடை, பொய்முடி எல்லாம் பழங்காலத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை. அந்த நேரத்தில் அவர்களுடைய முக்கியச் சடங்கான பாட்லாட்ச், கனடா சட்டப்படி குற்றம். 1885 முதல் 1951 வரை அந்தத் தடை நீடித்தது. வீட்டில் ஆடினால் சிறை என்ற காலத்தில், கேமரா முன்னால் முகமூடி அணிந்து வெளிப்படையாக ஆட முடிந்தது. போலி என்று நாம் சொல்கிற படத்தில் அவர்கள் ஆடியது போலியான ஆட்டம் இல்லை. இந்த நூற்றாண்டில் அந்தப் படத்தை மீட்டெடுத்துத் திரையிட்டபோது, நடித்தவர்களின் வழித்தோன்றல்களும் அதில் பங்கெடுத்து மேடையில் ஆடினார்கள்.

ஜார்ஜ் ஹார்ஸ் கேப்சர் என்ற அருங்காட்சியகக் காப்பாளரின் அனுபவமும் உண்டு. அவர் ஆஆனினின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். கர்டிஸ் எடுத்த படங்களில் தன் கொள்ளுத்தாத்தாவின் முகத்தைக் கண்டெடுத்தவர். கொள்ளுத்தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறவருக்கு அது ‘மறைந்துகொண்டிருக்கும் இனம்’ இல்லை. தாத்தா போட்டோ. நம் வீடுகளில் மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் ஸ்டுடியோவில் திரைச்சீலை முன்னால், இரவல் கோட்டில் எடுத்த படம்தானே? கோட்டு இரவல் என்பதால் தாத்தா இரவல் ஆகிவிடுவதில்லை. அழித்த பொருளைக் கண்டுபிடிப்பது விமர்சனத்தின் முதல் பாதி. அழிக்க முடியாமல் மிஞ்சிய ஆளைப் பார்ப்பது இரண்டாம் பாதி. முதல் பாதி ரொம்ப சுவாரசியமாக இருப்பதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

அப்படியானால் கடிகாரத்தை அழிக்காமல் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? எடுத்தவர் இருக்கிறார். ஹோரஸ் பூலா, 1906இல் பிறந்த கயோவா இனத்தவர், ஓக்லஹோமாக்காரர். கர்டிஸின் கடைசித் தொகுதிகள் அச்சாகிக்கொண்டிருந்த 1920களிலேயே தன் சொந்த ஊர் மக்களைப் படமெடுக்கத் தொடங்கியவர். அவர் படங்களில் கார் இருக்கிறது, ராணுவச் சீருடை இருக்கிறது, நாகரிகமாக முடிவெட்டிய பெண்கள் இருக்கிறார்கள், பாரம்பரிய மான்தோல் ஆடையும் இருக்கிறது. பல சமயம் ஒரே ஃப்ரேமில். தன் படங்களின் பின்புறம், இவை ஒரு இந்தியர் எடுத்த படங்கள் என்று முத்திரை குத்தினார்.

அவர் படங்களில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது 1944இல் ஃப்ளோரிடா விமானப்படைத் தளத்தில் எடுக்கப்பட்டது. பூலாவும் அவருடைய நண்பர் கஸ் பாமரும் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் திறப்பில் நிற்கிறார்கள். உடம்பில் ராணுவ உடை. தலையில் இறகுக் கிரீடம். பூலாவின் கையில் வான்வழிக் கேமரா. கர்டிஸ் இந்தப் படத்தைத் திருத்த உட்கார்ந்திருந்தால் விமானத்தையே அழித்திருக்க வேண்டும். கார்லைல் பள்ளி கிரீடத்தை அழித்திருக்கும். இரண்டையும் அழிக்காமல் பார்த்தால், போர்க்காலத்தில் கிரீடம் அணிவது என்ன முரண் என்று ஒரு நொடி தோன்றுகிறது. பிறகு உறைக்கிறது: போர்வீரனின் கிரீடம் வேறு எங்கே அணியப்பட வேண்டும்? முரண் என்று தோன்றியது படத்தில் இல்லை, நூறு கர்டிஸ் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணில் இருந்தது.

பூலா புதிய படம் எடுத்தார். பழைய படங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு வெண்டி ரெட் ஸ்டார் ஒரு வழி காட்டினார். 1981இல் மொன்டானாவில் பிறந்த க்ரோ இனக் கலைஞர். 1880இல் ரயில்பாதை விவகாரம் பேச வாஷிங்டன் போன க்ரோ தலைவர்களை, சார்ல்ஸ் மில்டன் பெல் என்பவர் ஸ்டுடியோவில் படமெடுத்தார். அதில் மெடிசின் க்ரோ என்ற தலைவரின் படம் பிற்காலத்தில் ஒரு குளிர்பான பாட்டில் வரைக்கும் வந்து, பெயரில்லாத ‘செவ்விந்தியர்’ ஆகிவிட்டது. ரெட் ஸ்டார் 2014இல் அந்தப் படங்களின் பிரதிகளை எடுத்து, சிவப்பு மையில், கையெழுத்தில், மேலேயே குறிப்பு எழுதினார். இந்த ஆடையில் உள்ள இந்த மென்மயிர்த் தோலுக்கு இதுதான் பொருள், இவர் பெயர் இது, இந்த அணிகலன் சொல்வது இந்த வீரச்செயல் என்று ஒவ்வொன்றாக. அவர் எதையும் அழிக்கவில்லை, மறைக்கவில்லை. யாரோ ஆவணம் எழுதாமல் விட்டுப்போன கோடுக்கு, நூறு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை கமெண்ட் எழுதுகிற காரியம் இது. அலங்காரம் என்று நாம் நினைத்தது முழுக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு என்று அந்த மை காட்டுகிறது.

அதே பயணத்தில் மெடிசின் க்ரோவும் சும்மா இருக்கவில்லை. கிழக்கே தான் பார்த்த விசித்திர விலங்குகளைப் படமாக வரைந்து வைத்தார். கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆவணப் புகைப்படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி தவறவிடும் விஷயம் இதுதான்.

மறைந்துவிடுவார்கள் என்று கர்டிஸ் நம்பிய மக்கள் மறையவில்லை. 2020 அமெரிக்கக் கணக்கெடுப்பில், கலப்பு வம்சத்தினரையும் சேர்த்து, தங்களைப் பூர்வகுடி என்று பதிவு செய்தவர்கள் சுமார் 97 லட்சம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்டால், இதைச் செய்து கொடுக்கிற துறையில் நான் இருக்கிறேன் என்பது என் பதில். கர்டிஸின் காலத்தில் ஒரு கடிகாரத்தை அழிக்க இருட்டறையும் கைத்திறனும் பொறுமையும் வேண்டும். 2021இல் கூகுள் பிக்சல் போனில் மேஜிக் இரேசர் வந்தது. இன்று அதுபோன்ற வசதி பல போன்களில் இருக்கிறது. விரலால் வட்டமிட்டால் போதும், பொருள் காணாமல் போய்விடும். இன்னும் ஒரு படி மேலே போய், எதை அழிக்கலாம் என்று மென்பொருளே எடுத்துக் காட்டுகிறது. எது கவனச்சிதறல் என்று ஒரு மாடல் முடிவு செய்கிறது. என்ன படங்களைப் பார்த்து அது கற்றது? உலகம் ஏற்கெனவே அழகு என்று ஒப்புக்கொண்ட படங்களைப் பார்த்துத்தான். கர்டிஸின் ரசனை இப்போது டீஃபால்ட் செட்டிங் ஆகிக்கொண்டிருக்கிறது.

அது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க மொன்டானா போக வேண்டாம். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதியில் கேமராவோடு நடப்பவர்களைப் பாருங்கள். கோலம் போடும் பாட்டி படத்தில் இருப்பார். பின்னால் இருந்த கேபிள் ஒயர், நீல நிற பிளாஸ்டிக் குடம், பார்க் செய்த ஸ்கூட்டி எல்லாம் இன்ஸ்டாகிராம் போவதற்குள் போயிருக்கும். அந்த ஸ்கூட்டி பாட்டியுடையதாகவே இருக்கலாம்.

கர்டிஸைப் பற்றி நாம் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், கடிகாரத்தோடு இருக்கும் பிரதி அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதுதான். டிஃப் பார்க்க இரண்டு வெர்ஷன் வேண்டும். நாம் போனில் அழிக்கிற படங்களில் உலகத்துக்குப் போவது ஒரே வெர்ஷன். மற்றது பழைய போனோடு எக்ஸ்சேஞ்சில் போய்விடும். நண்பனிடம் இதைச் சொன்னேன். “அப்போ எதையுமே அழிக்கக் கூடாதா மச்சி?” என்றான். ஃபயர் எக்ஸ்டிங்விஷரைத் தாராளமாக அழிக்கலாம், அது மண்டபத்துடையது. கல்யாண வீட்டுக்காரர்களின் பொருள் என்றால், அழிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.